கம்பெனிக்கு முன்னால் ஒரு சாக்கு பேட்டரி

கேள்வி: ஐயா, நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். அப்பாவுக்கு நாட்டுப்படகு. அம்மா பாசி எடுக்கப் போவார். ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, கடைசி ஆண்டு. பழைய லித்தியம் பேட்டரியின் தூளைச் சிட்ரிக் அமிலத்தில் கரைத்து (1.25 மோலார், லிட்டருக்கு 20 கிராம் தூள், 90 டிகிரி) கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரிக்கிறேன். கரைத்த பிறகு கோபால்ட்டைத் தனியே இறக்கும் படி நானே கண்டது. 98 சதவீதம் வரை கிடைக்கிறது. 'இதைக் கம்பெனியாக ஆரம்பிக்கலாம், ஆளுக்குப் பாதி' என்கிறார் என் கைடு. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறேன், நான்கு மாதத்தில் தீசிஸ் கொடுக்க வேண்டும். மண்டபம் பக்கம் கடலை ஒட்டி எங்களுக்கு 40 சென்ட் இடம் இருக்கிறது. அங்கேயே ஷெட் போடலாம், பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜை உப்புத் தண்ணீரில் போட்டு இறக்கக் கடலும் பக்கத்தில் இருக்கிறது என்கிறான் தம்பி. இந்தக் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? கம்பெனியை எப்போது பதிவு செய்வது? பணத்துக்கு எங்கே போவது?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீங்கள் கருத்தரங்க மேடை ஏறுவதற்கு முன்னால் காப்புரிமைக்கான தற்காலிக விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெளியே சொல்லிவிட்ட கண்டுபிடிப்புக்குப் 'புதியது' என்ற தகுதி போய்விடும். போஸ்டர் ஒட்டினாலும் சரி, கருத்தரங்க மலரில் அரைப்பக்கச் சுருக்கம் அச்சானாலும் சரி, விளைவு ஒன்றுதான். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில், அறிஞர் அவையில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை உண்டு. உங்கள் கைடு அதைச் சொல்லக்கூடும். அதை நம்பி இறங்காதீர்கள். உங்கள் கருத்தரங்கு அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதே வழக்காகலாம், ஐரோப்பாவில் அந்தச் சலுகை செல்லவும் செல்லாது. தற்காலிக விண்ணப்பம் கொடுத்துவிட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். தனிநபருக்கும் ஸ்டார்ட்-அப்புக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழி அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். எழுதிக்கொடுக்கும் காப்புரிமை முகவருக்கு ஆகும் செலவு தனி. அதைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும், கேளுங்கள். தீசிஸுக்கும் இதே விதிதான். அது சோத்கங்காவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில், ஏறிவிட்டால் உலகமே படிக்கலாம்.

எதற்குக் காப்புரிமை கேட்கப் போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோபால்ட் பேட்டரித் தூளைச் சிட்ரிக் அமிலத்தில் கரைப்பது 2010-லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. நீங்கள் எழுதிய அளவும் சூடும்கூட அப்போதே அச்சானவை. அதைக் கேட்டால் பரிசோதகர் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார். உங்களுடையது கரைத்த பிறகு வரும் படி. விண்ணப்பம் அதன்மேல்தான் நிற்க வேண்டும். எந்தச் சூட்டில், எந்த பி.எச்.-இல், எந்த வரிசையில் கோபால்ட் இறங்குகிறது, வரிசை மாறினால் என்ன கெடுகிறது என்பதையெல்லாம் உங்கள் நோட்டிலிருந்து தேதியோடு எடுத்து வையுங்கள். வெற்றி பெறாத சோதனைகளையும் சேர்த்து எடுங்கள். எல்லையை வரைந்து காட்டுவது அவைதான்.

விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உரிமையாளர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. உரிமையாளராகப் பல்கலைக்கழகம் இருக்கலாம், நீங்களும் சேர்ந்து இருக்கலாம். கண்டுபிடித்தவர் யார் என்பது மட்டும் பேரம் பேசும் விஷயமில்லை.

இனி, யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அதற்கான பதில் மூன்று தாளில் இருக்கிறது: நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவம், பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமை விதி, உங்கள் உதவித்தொகைக்கோ ஆய்வுத் திட்டத்துக்கோ பணம் கொடுத்த அமைப்பின் நிபந்தனை. மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அமிலமும் கண்ணாடிக் குடுவையும் யார் பணத்தில் வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள், உரிமை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். பொதுவாக, நிறுவனத்தின் ஆய்வகத்தையும் நிதியையும் பயன்படுத்திச் செய்தது நிறுவனத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் கூட்டு உரிமை என்கிறது மத்தியக் கல்வி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாணவர்-ஆசிரியர் புத்தாக்க, ஸ்டார்ட்-அப் கொள்கை. பல்கலைக்கழகம் கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்றும் அது சொல்கிறது. இது வழிகாட்டிதான், கட்டளை இல்லை. ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் யாராவது 'முப்பது சதவீதம்' என்று ஆரம்பித்தால் மேசைமேல் எடுத்து வைக்க உங்களுக்கு ஒரு தாள் இருக்கிறது.

கம்பெனிக்கு வேண்டியது அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமம். எழுத்தில், பிறருக்குக் கொடுக்கப்படாத தனி உரிமமாக, எத்தனை ஆண்டுக்கு என்ற கணக்கோடு. முன்பணம் குறைவாகவும், விற்பனை தொடங்கிய பிறகு ராயல்டியாகவும் கேளுங்கள். பின்னால் நீங்கள் கம்பெனியில் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பல ஒப்பந்தங்களில் அந்த ஒரு வரி கம்பெனியையே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

கைடு சொல்லும் 'ஆளுக்குப் பாதி'. அவர் வேலையை விடமாட்டார், சம்பளம் அவருக்கு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் வேறு வேலைக்குப் போகாமல் ஐந்து வருடம் இதில் உட்காரப் போகிறீர்கள். அந்த வித்தியாசம் பங்கில் தெரிய வேண்டும். யாருடைய பங்கும் முதல் நாளே முழுதாகக் கைக்கு வராமல், நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படியும், முதல் ஓராண்டுக்குள் விலகுகிறவருக்கு எதுவும் இல்லை என்றும் எழுதிக்கொள்வது வழக்கம். அது இருவரையும் காக்கும். ஆனால் அம்மா, இதை இப்போது பேசாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் தீசிஸ் நகரும். அப்படி ஒரு நிலையில் இருக்கிறவர் போடும் பங்கு ஒப்பந்தம் நியாயமாக அமையாது. 'சார், முதலில் காப்புரிமை விண்ணப்பத்தை முடிப்போம், பங்கை வைவாவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மனிதராக இருந்தால் அதிலேயே புரிந்துகொள்வார்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 98 சதவீதம் என்ற எண் மூன்று இடத்தில் இருந்தது (கேள்வியை இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன்). அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் கையால் பேட்டரியைப் பிரித்து, அலுமினியத் தகட்டிலிருந்து சுரண்டி, கழுவி, சலித்து எடுத்த தூளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆய்வுக்கு அது சரி. கம்பெனிக்குக் கிடைக்கப்போவது அந்தத் தூள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரையில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்கட்டில் ஒரு உரச் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அப்பளம்போல ஊதிய செல்போன் பேட்டரிகள், உடைந்த பவர் பேங்க், சோலார் விளக்கின் உட்பகுதி, ஒரு ஸ்கூட்டர் பேட்டரியின் அரைப் பாகம், நடுவில் ஈர மணலும் மீன் செதிலும். இரவில் வலை இழுக்கிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கிலிருந்து கழன்ற உருளை செல் ஒன்றைக் கையில் எடுத்தேன். நீல உறை பாதி உரிந்திருந்தது. நேர்முனைத் தொப்பியைச் சுற்றித் துரு வளையம், அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பொரிந்திருந்தது. மூக்குப் பக்கம் கொண்டுபோனபோது பழம் அழுகியதுபோல ஒரு இனிப்பு வாடை. உள்ளிருக்கும் கரைப்பான் கசிகிறது என்று அர்த்தம். அப்படி முகர்ந்து பார்த்தது தவறு, நீங்கள் செய்யாதீர்கள். கடைக்காரரிடம் கிலோ என்ன விலை என்று கேட்டேன். 'ஈயப் பேட்டரின்னா விலை இருக்குண்ணே, இதை யாரும் கேக்கலை, தீப்பிடிக்குதுன்னு பயந்து ஓரமாப் போட்டு வச்சிருக்கேன்' என்றார்.

உங்கள் கம்பெனியின் மூலப்பொருள் அந்தச் சாக்குதான். அதற்குள் ஒரே வேதியியல் இல்லை. பழைய செல்போன் பேட்டரியில் பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. அந்தத் தூளின் எடையில் 60 சதவீதம் கோபால்ட், உங்கள் முறைக்கு ஏற்றது. சோலார் விளக்கிலும் பல புதிய ஸ்கூட்டரிலும் இரும்பு-பாஸ்பேட் வகை. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை, லித்தியம் மட்டும் தூளின் எடையில் 4.4 சதவீதம். மின்வண்டிகள் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கின்றன. பத்து வருடம் கழித்து உங்கள் ஷெட்டுக்கு வரும் சாக்கில் கோபால்ட் எவ்வளவு இருக்கும் என்பது உங்கள் ஆய்வைவிட முக்கியமான கேள்வி.

அடுத்து, எந்திரம் பேட்டரியைப் பிரித்துச் சுரண்டாது. மொத்தமாக நொறுக்கும். அதில் வரும் கருந்தூளை வியாபாரத்தில் 'பிளாக் மாஸ்' என்பார்கள். கிராஃபைட், செம்புத் துகள், அலுமினியம், இரும்பு, பிசின், புளோரின் எல்லாம் கலந்திருக்கும். செம்பும் அலுமினியமும் உங்கள் அமிலத்தைத் தின்னும். புளோரின் அமிலத்தோடு சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் புளோரைடு. அதைப் பற்றி வேதியியல் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அளவுகளையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.25 மோலார் என்றால் லிட்டருக்கு 240 கிராம் சிட்ரிக் அமிலம். அதில் கரைவது 20 கிராம் தூள். அதாவது ஒரு கிலோ தூளுக்கு 12 கிலோ அமிலம். சுத்தமான தூளாக இருந்தாலும் கிடைக்கும் கோபால்ட் 600 கிராம், லித்தியம் 70 கிராம். சமன்பாட்டின்படி, அமிலத்தின் மூன்று ஹைட்ரஜனும் வேலை செய்தால், ஒரு மோல் தூளுக்கு ஒரு மோல் அமிலம் போதும். நீங்கள் ஆறு மடங்கு ஊற்றுகிறீர்கள். தண்ணீரைப் பாருங்கள்: ஒரு டன் தூளுக்கு 50,000 லிட்டர். ராமநாதபுரத்தில், குடிக்கவே காவிரித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கும் ஊர்களில், அத்தனை தண்ணீரை 90 டிகிரிக்குச் சூடாக்கப் போகிறீர்களா? தொழிற்கூடத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறைந்தால் பேச்சே எடுக்கமாட்டார்கள்.

இதைச் சொல்லி உங்களைத் துவள வைக்க நான் எழுதவில்லை. உங்கள் அடுத்த ஆறு மாத வேலை இதில்தான் இருக்கிறது. தூளை ஐந்து மடங்கு கூட்டினால் என்ன ஆகிறது? அமிலத்தைப் பாதியாக்கினால்? ஒரு முறை பயன்படுத்திய அமிலத்தை மீட்டு ஐந்து முறை, பத்து முறை சுற்றவிட முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால் அதுவே உங்கள் இரண்டாவது காப்புரிமை. முதலாவதைவிட அதற்கு மதிப்பு கூடுதலாக இருக்கும். மீட்பு 98-இலிருந்து 90-க்கு இறங்கினாலும் வருந்தாதீர்கள். 90 சதவீதத்தில் லாபம் வரும் முறை, 98 சதவீதத்தில் நட்டம் வரும் முறையைவிட எனக்கு வேண்டியது.

பீக்கரில் தெரியாத இன்னொன்று வடிகட்டல். நான் ஆலோசகனாக இருந்த ஒரு சிறு தொழிற்கூடத்தில், பெயர் வேண்டாம், 200 லிட்டர் டிரம்மில் முதல் முறை ஓட்டினோம். கரைசலிலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் நீக்கக் காரம் சேர்த்து பி.எச்.-ஐ ஏற்றினோம். ஆய்வகத்தில் ஐந்து நிமிடத்தில் வடிந்த அதே கரைசல்தான். ஆனால் அலுமினியம் கொழகொழவென்று இறங்கியது. உங்கள் அம்மா எடுத்துவரும் கஞ்சிப் பாசியைக் காய்ச்சினால் பாத்திரத்தில் எப்படி நிற்குமோ, அப்படி நின்றது. ஃபில்டர் பிரஸின் துணியில் அப்பிக்கொண்டது. துணியைக் கழற்றுவதும், சுரண்டுவதும், அலசுவதும், மாட்டுவதுமாக விடிய விடிய ஆறு பேர். காலையில் டிரம்மில் பாதிகூட இறங்கவில்லை. அந்தக் கொழகொழப்புக்குள் எங்கள் கோபால்ட்டும் மாட்டிக்கொண்டு போனது. தவறு யாருடையதும் இல்லை, 50 மில்லியில் யாரும் பார்க்காத ஒன்று, அவ்வளவுதான். 10 லிட்டரில் ஒரு முறை ஓட்டியிருந்தால் எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆகவே நீங்கள் 10 லிட்டரில் ஓட்டுங்கள். உண்மையான சாக்கிலிருந்து வந்த தூளை வைத்து, தொடர்ந்து இருபது முறையாவது.

தம்பி சொன்ன இடத்துக்கு வருவோம். கடலை ஒட்டிய அந்த 40 சென்ட் வேண்டாம். பொங்குகடல் எல்லைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோடு) 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கடல் முகப்பு கட்டாயம் தேவைப்படாத புதுத் தொழிற்சாலைக்கும் ஆபத்தான வேதிப்பொருளுக்கும் அங்கே இடமில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் இருப்பது மன்னார் வளைகுடா. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள், பவளப்பாறை, ஆவுளியா என்ற கடல்பசு மேயும் கடல்புல். உங்கள் அம்மா இறங்கிப் பாசி எடுக்கும் தண்ணீர். கோபால்ட் கலந்த கழிவுநீர் ஒரு முறை தென்கடலில் இறங்கினாலும் அதற்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனியாலும் முடியாது. 'எலுமிச்சையில் இருக்கும் அமிலம்தானே, தீங்கில்லை' என்று திட்ட அறிக்கையில் எழுதவும் எழுதாதீர்கள். சிட்ரேட் உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டால் இறங்கிவிடும் உலோகம், சிட்ரேட் இருந்தால் சுலபத்தில் இறங்காது. உங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்வது கந்தக அமிலத்தில் கரைக்கிறவர்களுடையதைவிடக் கடினம் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

உப்புத் தண்ணீர் யோசனையும் அப்படித்தான். ஆய்வகத்தில் இரண்டு செல்லை உப்புக் கரைசலில் போட்டு வைப்பது வழக்கம்தான். நூறு கிலோவைப் போட்டால் முனைகள் அரித்து ஓட்டை விழும், உள்ளே தண்ணீர் போகும், மின்பகுபொருளில் இருக்கும் லித்தியம் உப்பு தண்ணீரோடு சேர்ந்து அந்த ஹைட்ரஜன் புளோரைடைக் கொடுக்கும். கடைசியில் தொட்டி நிறைய நஞ்சுத் தண்ணீர்தான் மிஞ்சும். பீங்கான் ரெசிஸ்டர் பலகை ஒன்று செய்து சார்ஜை இறக்குங்கள், எந்த எலெக்ட்ரிக் கடைக்காரரும் செய்து கொடுப்பார். ஊதிய செல்லைத் தொடாமல் காய்ந்த மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில் தனியாக வையுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு இருக்கும். எல்லா முனையிலும் டேப் ஒட்டுங்கள். உரச் சாக்கு கூடவே கூடாது.

உப்புக் காற்றைப் பற்றி அந்த ஊரில் பிறந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவோடு நூறாண்டு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. உலோக அரிப்பை ஆராயக் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்தில் நிலையம் வைத்ததும் அந்தக் காற்றுக்காகத்தான். உங்கள் பம்பும் மின் பலகையும் அங்கே எத்தனை நாள் தாங்கும்? சேகரிப்பும் தரம்பிரிப்பும் கடற்கரையில் இருக்கலாம். கரைக்கும் வேலையை மானாமதுரை சிப்காட் மாதிரி உள்நாட்டுத் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரை, இடம் பார்க்கும் முன்பே போய்ப் பாருங்கள். நிறுவ ஓர் இசைவு, இயக்க ஓர் இசைவு, இரண்டும் வேண்டும்.

யார் பணம் கொடுப்பார்கள் என்பதில் உங்கள் கடிதம் 'கோபால்ட்டை விற்போம்' என்பதோடு நிற்கிறது. அதற்கு மேலும் ஒரு வாசல் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பழையதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழை வாங்கித்தான் அவர்கள் அந்தக் கணக்கை நேர் செய்கிறார்கள். ஆகவே உங்களுக்கு உலோகத்தில் ஒரு வருமானம், சான்றிதழில் ஒரு வருமானம். ஆனால் அந்த விதி கோபால்ட்டை மட்டும் கேட்கவில்லை. செல்போன் மாதிரிக் கையடக்கப் பேட்டரியில், பேட்டரியின் உலர் எடையில் 2024-25-இல் 70, அடுத்த ஆண்டு 80, 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை மீட்க வேண்டும். செம்பு, அலுமினியம், மேலுறை எல்லாம் சேர்த்து. உங்கள் 98 சதவீதம் அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். கோபால்ட்டை எடுத்துவிட்டு மற்றதைக் குப்பையில் போடும் தொழில் இனி நடக்காது.

உலோக விலையை நம்பியும் கட்டாதீர்கள். சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவான் பக்கம் இருந்தது, 2023 முடியும்போது 1 லட்சத்துக்கு வந்துவிட்டது. உச்ச விலையில் திட்டம் போட்டவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கனடாவின் லை-சைக்கிள் கம்பெனி, பேர்பெற்ற கம்பெனி, நியூயார்க் மாநிலத்தில் கட்டிக்கொண்டிருந்த ஆலையை 2023 அக்டோபரில் செலவு எகிறியதால் நிறுத்தியது. 2025-இல் கிளென்கோர் என்ற சுரங்க, உலோக வணிகக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்தவர்களில் அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக்கில் பிறந்த அசெண்ட் எலிமென்ட்ஸ் கதையைத் தேடிப் படியுங்கள். 2015-இல் பேட்டரி ரிசோர்சர்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஜார்ஜியாவில் பெரிய மறுசுழற்சி ஆலை ஓடத் தொடங்கியபோது 2023. எட்டு வருடம். பணமும் ஆளும் நம்மைவிட எத்தனையோ மடங்கு இருந்தும் எட்டு வருடம்.

பணத்துக்கு இப்போதே முதலீட்டாளரிடம் போக வேண்டாம். 10 லிட்டர் சோதனைக்கு அவ்வளவு தேவையில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம் முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை கொடுக்கிறது, கம்பெனி இல்லாத தனிநபரும் கேட்கலாம். மாநில அரசின் ஸ்டார்ட்-அப் டிஎன் மதுரையில் மையம் வைத்திருக்கிறது, அவர்களுடைய டான்சீட் நிதி கம்பெனி பதிவான பிறகு உதவும். முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்வோருக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறியவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒதுக்கீடு. அது ஆலை கட்டுகிறவர்களுக்கான பணம், உங்கள் கணக்கு நேரான பிறகு போய்க் கேட்க வேண்டியது. தனிமங்களை அளந்து பார்க்க உங்கள் பல்கலைக்கழகத்தில் கருவி இல்லையென்றால் காரைக்குடி சிக்ரி பக்கத்தில்தான் இருக்கிறது. மின்வேதியியலுக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. நம் பிள்ளைகள் அதன் வாசலைத் தாண்டிச் சென்னைக்கு மாதிரி அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: படகின் பேரிலோ அம்மாவின் நகையின் பேரிலோ இதற்குக் கடன் வாங்காதீர்கள். இந்தக் கட்டத்தில் தோற்பது சகஜம். தோற்றால் நட்டம் மானியத்தில் போகட்டும், அடுப்பில் போக வேண்டாம்.

கம்பெனியை எப்போது பதிவு செய்வது? உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு பெயர் தேவைப்படும் நாளில். அதற்கு முன் பதிவு செய்தால் ஆண்டுதோறும் தணிக்கையும் தாக்கலுமாக, வருமானம் இல்லாத கம்பெனிக்குச் செலவு செய்துகொண்டிருப்பீர்கள். என் கணக்கில் அந்த நாள் வைவா முடிந்து ஓராண்டுக்குள் வரலாம். தற்காலிக விண்ணப்பத்தின் 12 மாதம், அதைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவதால், அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அதனால் இரண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை கட்டுவார்கள், எஞ்சின் இறக்குவார்கள், விளக்கும் வயர்லெஸ்ஸும் கழற்றிப் பார்ப்பார்கள், செத்த பேட்டரியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். உங்கள் அப்பாவுக்குத் தெரியாத படகுக்காரர் அங்கே இருக்கமாட்டார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். படகிலும், ராமநாதபுரம் பரமக்குடி செல்போன் பழுதுக்கடைகளிலும், பழைய இரும்புக் கடைகளிலும் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதுங்கள்: என்ன வகை, எத்தனை கிலோ, ஊதியதா, ஈரமா, என்ன விலை கேட்டார்கள், இப்போது யாரிடம் கொடுக்கிறார்கள். ஈயப் பேட்டரியைத் தனியாக எழுதுங்கள், வாங்காதீர்கள், அது வேறு தொழில். முதல் சுற்றில் எதையும் வாங்கவே வேண்டாம், எழுதினால் போதும். 61 நாள் முடிந்ததும் அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.